பயணியின் அச்சம்: வணிக விமானிகளின் பாலினமும் பறப்பு அனுபவமும் பொதுநம்பிக்கையும்

ஆய்வுச்சுருக்கம்

பெண் ஒருவர் விமானத்தைச் செலுத்தினால் பயணிகள் அஞ்சுவர் என்னும் கூற்று, 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பயணிகள் விமான நிறுவனங்களின் பணியமர்த்தும் முடிவுகளுக்குக் காரணமாகக் காட்டப்பட்டு வந்தது. இக்கூற்றை மொழிந்தவர் எவர், அதற்குச் சான்றாக வைக்கப்பட்டது எது, பறப்பு மணி என்னும் அளவுகோல் அதனோடு எவ்வாறு பிணைந்தது என்பனவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. அமெரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிகழ்வுகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. டெபோரா வார்ட்லி தொடுத்த வழக்கு (1979–1980) விரிவாக நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெண் விமானிகள், பறப்பு மணி, பணிமூப்பு, பொதுநம்பிக்கை, ஹெலன் ரிச்சி, துர்பா பானர்ஜி, அன்செட் வழக்கு

முன்னுரை

விமானப் பயணம் நம்பிக்கையை முதலாகக் கொண்ட வணிகம். பேருந்தில் ஏறுபவர் ஓட்டுநரைக் காண்கிறார். அவர் வண்டியை எடுக்கும் விதத்தைக் கண்டு மனத்துக்குள் ஒரு மதிப்பீடும் செய்துகொள்கிறார். விமானப் பயணிக்கு அந்த வாய்ப்பு இல்லை. மூடிய கதவுக்கு அப்பால் இருப்பவரின் திறனை அவர் தாமாக அறிய வழியில்லாததால், நிறுவனமும் அரசும் அளிக்கும் அடையாளங்களைக் கொண்டே நம்ப வேண்டியவராகிறார். சீருடை, தோள்பட்டைக் கோடுகள், ஒலிபெருக்கியில் கேட்கும் நிதானமான குரல், உரிமம், பறப்பு மணிக் கணக்கு ஆகியன அவ்வகை அடையாளங்கள்.

இவற்றுள் உரிமமும் பறப்பு மணியும் பாலினம் சாராதவை. பதிவேட்டில் எழுதப்படும் ஒரு மணி நேரம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. எனினும் நெடுங்காலம் பெண்கள் விமானி இருக்கைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் மிகுதியும் எடுத்தாளப்பட்டது பயணியின் அச்சம். நிறுவனம் தன் விருப்பின்மையைத் தன் பெயரால் கூறாது பயணியின் பெயரால் கூறியது என்பதே இவ்வரலாற்றில் முதலில் கண்ணிற்படுவது.

அச்சம் தணிக்க ஒரு பெண், அச்சம் ஊட்டும் ஒரு பெண்

1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சிறு விமான உற்பத்தியாளர்கள் பெண் விமானிகளை விரும்பி அழைத்தனர். விமானம் ஓட்டுவது எளிது, பாதுகாப்பானது என்று மக்களுக்குக் காட்டுவதற்குப் பெண்ணை இருக்கையில் அமர்த்துவதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை என்பது அவர்களது கணிப்பு. ‘பெண்ணே ஓட்டுகிறாள் எனில் எவரும் ஓட்டலாம்’ என்னும் உட்பொருள் அதில் இருந்தது. வரலாற்றாசிரியர் ஜோசப் கார்ன் இப்போக்கை விரிவாக ஆராய்ந்துள்ளார். பெண்ணின் திறனைப் போற்றுவது போல் தோன்றிய இவ்விளம்பரம் உண்மையில் அவளது திறனின்மை பற்றிய பொதுக்கருத்தையே மூலதனமாகக் கொண்டிருந்தது.

பயணிகள் விமான நிறுவனங்கள் இதற்கு நேர்மாறான பாதையை மேற்கொண்டன. விமானம் ஓட்டுவது எளிது என்று காட்டுவது அவற்றின் நோக்கமன்று. அரிய பணியை அரிய மனிதர் செய்கிறார் என்று காட்டுவதே நோக்கம். 1930களின் தொடக்கத்தில் பான் அமெரிக்கன் நிறுவனம் தன் விமானிகளுக்குக் கடற்படை அதிகாரிகளின் உடையை ஒத்த சீருடையை அளித்தது. கப்பல் தலைவருக்குரிய ‘கேப்டன்’ என்னும் பெயர் விமானிக்கும் நிலைபெற்றது. தோல் மேலங்கியும் கண்ணாடியும் அணிந்த சாகசக்காரர் மறைந்து, நரைத்த மீசையும் நிதானமும் கொண்ட தலைவர் தோன்றினார். நம்பிக்கைக்கு ஒரு முகம் கொடுக்கப்பட்டது, அது ஆண்முகம்.

இதே காலத்தில் எலன் சர்ச் என்னும் செவிலியர் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தை அணுகினார். அவர் விமானி உரிமம் பெற்றிருந்தார், விமானியாகவே விரும்பினார். அது கிட்டாத நிலையில், செவிலியர்களைப் பயணிகளோடு பறக்கச் செய்யலாம் என்ற யோசனையை முன்வைத்தார். 1930 மே 15 அன்று உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அவருடன் சேர்த்து எண்மர் அமர்த்தப்பட்டனர். மென்மையான இளம்பெண் அஞ்சாமல் பறப்பதைக் கண்டால் பயணிகளின் அச்சம் தணியும் என்பதே நிறுவனம் இதை ஏற்றதன் காரணம். ஆக, ஒரே விமானத்தில் நடைபாதையில் நிற்கும் பெண் அச்சத்தைத் தணிப்பவளாகவும், முன்னிருக்கையில் அமரும் பெண் அச்சத்தை ஊட்டுபவளாகவும் கொள்ளப்பட்டாள். இரண்டு முடிவுகளுக்கும் ஆதாரமாகக் காட்டப்பட்டவர் ஒரே பயணிதான்.

ஹெலன் ரிச்சி: நல்ல வானிலைக்கு மட்டும்

1934ஆம் ஆண்டின் இறுதியில் பென்சில்வேனியாவைச் சேர்ந்த சென்ட்ரல் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஹெலன் ரிச்சியைத் துணை விமானியாக அமர்த்தியது. அவர் அறியப்படாதவர் அல்லர். 1933இல் மயாமியில் பிரான்சஸ் மார்சாலிஸ் என்பவரோடு இணைந்து, வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஏறத்தாழ 10 நாட்கள் தரையிறங்காமல் பறந்த சாதனை அவருடையது. 1934 டிசம்பர் 31 அன்று வாஷிங்டனிலிருந்து டெட்ராய்ட்டுக்கு ஃபோர்டு டிரைமோட்டார் விமானத்தில் தம் முதல் பணிப்பறப்பை மேற்கொண்டார்.

விமானிகள் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. வணிகத் துறையின் வான்போக்குவரத்துப் பிரிவு, மோசமான வானிலையில் அவரைப் பறக்க விட வேண்டாம் என நிறுவனத்துக்கு அறிவுறுத்தியது. நிறுவனமோ அவரை வானில் செலுத்தியதைவிட மேடைகளில் பேசச் செய்ததே மிகுதி. பணியிலிருந்த மாதங்களில் அவர் பறந்தவை மிகச் சிலவே. 1935ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் பணி விலகினார். அமீலியா ஏர்ஹார்ட்டும் மகளிர் உரிமை இயக்கத் தலைவர் ஆலிஸ் பாலும் பொதுவெளியில் கண்டனம் தெரிவித்தனர்.

வானிலை பற்றிய கட்டுப்பாடு ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. விமானியின் அனுபவம் என்பது வெறும் மணிக்கணக்கன்று. மேகத்துக்குள்ளும் இரவிலும் பனிபடிந்த இறக்கைகளோடும் பறந்த மணிகளே அதன் சாரம். அந்த மணிகளை ஈட்டும் வாய்ப்பை மறுத்துவிட்டு, அவை இல்லாமையைப் பின்னர்க் குறையாகக் காட்டுவது எளிது. ரிச்சிக்கு நேர்ந்த தடையை வெறும் அவமதிப்பாக மட்டும் கருதுவது போதாது. அது அனுபவம் விளையும் நிலத்துக்கே இடப்பட்ட வேலி. அவர் விலகிய பின் ஏறத்தாழ 38 ஆண்டுகள் அமெரிக்காவின் பெரிய பயணிகள் விமான நிறுவனங்களில் பெண் விமானி அமர்த்தப்படவில்லை.

போரும் அது விட்டுச்சென்ற கணக்கும்

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க இராணுவத்துக்காக விமானங்களை ஓரிடத்திலிருந்து வேறிடம் கொண்டுசேர்க்கும் பணியில் பெண்கள் ஈடுபடுத்தப்பட்டனர். வாஸ்ப் எனப்பட்ட அவ்வமைப்பில் சேர 25,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1,074 பேர் பயிற்சியை நிறைவு செய்தனர். 38 பேர் பணியில் உயிரிழந்தனர். 1944இல் பி-29 குண்டுவீச்சு விமானத்தின் இயந்திரங்கள் தீப்பற்றுவதால் ஆண் விமானிகள் அதை ஓட்டத் தயங்கினர். அப்போது பால் டிபெட்ஸ் என்னும் அதிகாரி இரண்டு பெண் விமானிகளுக்குச் சில நாட்களில் அவ்விமானத்தை ஓட்டப் பழக்கி, படைத்தளங்களுக்கு அனுப்பிக் காட்டினார். தயங்கிய ஆண்கள் ஓட்டத் தொடங்கினர். 1920களின் விளம்பர உத்தி மீண்டும் பயன்பட்டது. பயன்பட்டதும் அப்பெண்கள் அவ்விமானத்திலிருந்து இறக்கப்பட்டனர்.

1944 டிசம்பரில் வாஸ்ப் அமைப்பு கலைக்கப்பட்டது. அதன் உறுப்பினர்கள் படைவீரர்களாக ஏற்கப்பட்டது 1977இல்தான். போர் முடிந்து ஆயிரக்கணக்கான ஆண் விமானிகள் திரும்பியபோது, பயணிகள் விமான நிறுவனங்களுக்கு ஆயத்தமான ஆட்கள் வரிசையில் நின்றனர். அமெரிக்கக் கடற்படை பெண்களை விமானிகளாக ஏற்றது 1974இல். பல இயந்திரங்கள் கொண்ட கனரக விமானத்திலும் ஜெட் விமானத்திலும் மணிகளை அரசின் செலவில் ஈட்டக்கூடிய வழி, போருக்குப் பின் முப்பது ஆண்டுகள் ஆண்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. பெண்களுக்கு எஞ்சியது பறப்புப் பள்ளியில் பயிற்றுநராகி, சிறு விமானத்தில் பிறருக்குக் கற்பித்து மணிகளைச் சேர்க்கும் வழி.

அவ்வழியின் நீளத்தை எமிலி ஹவல் வார்னரின் வாழ்க்கை காட்டுகிறது. டென்வரில் பறப்புப் பயிற்றுநராக இருந்த அவர், 1960களின் இறுதியிலிருந்து விமான நிறுவனங்களுக்கு விண்ணப்பித்து வந்தார். அவரிடம் பயின்ற ஆண்கள், அவரைவிட மிகக் குறைந்த மணிகளோடு ஒருவர் பின் ஒருவராகப் பணியில் சேர்ந்தனர். 1973 ஜனவரியில் ஃபிரான்டியர் நிறுவனம் அவரை ஏற்றபோது அவரது பதிவேட்டில் ஏறத்தாழ 7,000 மணிகள் இருந்தன. அதே ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 24 வயதான பானி டிபுர்சியைச் சேர்த்துக்கொண்டது. 1974இல் விமானிகள் சங்கம் வார்னரை உறுப்பினராக ஏற்றது. 1976இல் அவர் தலைமை விமானியானார்.

விமானத் துறையில் பதவி உயர்வு, விமான வகை, வழித்தடம் ஆகிய அனைத்தும் பணிமூப்புப் பட்டியலின்படியே அமைகின்றன. பணியில் சேர்ந்த நாளே பட்டியலில் ஒருவரின் இடத்தை முடிவு செய்கிறது. அதற்கு முன் ஈட்டிய மணிகள் அங்குக் கணக்கில் வருவதில்லை. ஆகவே 7,000 மணியோடு சேர்ந்த ஆசிரியர், அதற்கு முன்பே சேர்ந்துவிட்ட தம் மாணவருக்குக் கீழே நின்றார். தாமதம் ஒருமுறை நிகழ்ந்தது; அதன் விளைவு பணிக்காலம் முழுவதும் தொடர்ந்தது.

இந்தியா: அமர்ந்தும் அமராத நிலை

பிரேம் மாத்தூர் 1947இல் வணிக விமானி உரிமம் பெற்றார். அவரது விண்ணப்பத்தை எட்டு நிறுவனங்கள் நிராகரித்தன. பெண் விமானியைக் கண்டால் பயணிகள் அஞ்சுவர் என்பதே காரணமாகக் கூறப்பட்டதாக அவரைப் பற்றிய குறிப்புகள் தெரிவிக்கின்றன. ஐதராபாத்தைச் சேர்ந்த டெக்கான் ஏர்வேஸ் அவரைத் துணை விமானியாக ஏற்றது. 1949இல் தேசிய விமானப் பந்தயத்தில் அவர் வென்றார். எனினும் விமானத்தின் முழுப்பொறுப்பு அவருக்கு அங்கு வழங்கப்படவில்லை. தலைமைப் பொறுப்பில் பறந்த மணிகள் இன்றித் தலைமை விமானியாக இயலாது. தலைமைப் பொறுப்பு தரப்பட்டாலன்றி அம்மணிகள் சேரா. வெளியேறும் வழியற்ற இவ்வட்டத்திலிருந்து அவர் தனியார் ஒருவரின் விமானத்தைச் செலுத்தும் பணிக்குச் சென்றார்.

அதே காலத்தில் பெங்களூருவின் ஜக்கூரில் பயிற்சி பெற்ற உஷா சுந்தரம், தம் கணவர் வி. சுந்தரத்தோடு இணைந்து பறந்துவந்தார். 1951இல் சென்னை அரசுக்காக வாங்கப்பட்ட டி ஹாவிலண்ட் டவ் விமானத்தை இருவரும் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்தனர். நேருவும் வல்லபபாய் பட்டேலும் இத்தம்பதியர் செலுத்திய விமானத்தில் பயணித்ததாகக் குறிக்கப்படுகிறது. நாட்டின் தலைமையை ஏற்றிச் செல்லத் தகுந்த கைகள், சீட்டு வாங்கிய பயணியை அச்சுறுத்தும் என்று எண்ணப்பட்ட காலம் அது. அரசு விமானத்தில் யார் ஓட்டுகிறார் என்பதைப் பயணி அறிந்தே ஏறினார் என்பதும், அவரது கருத்தைப் பிறர் அவர் சார்பில் கூற வேண்டியிருக்கவில்லை என்பதும் இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கவை.

துர்பா பானர்ஜி 1959இல் வான்வழி நில அளவைப் பணியில் டகோட்டா விமானத்தின் விமானியாகத் தொடங்கினார். பயணிகள் விமானத்துக்கு முயன்றபோது மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீர் அவருக்கு விமானப் பணிப்பெண் வேலையை அளிக்க முன்வந்ததாகச் சொல்லப்படுகிறது. எலன் சர்ச்சுக்கு நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது. ஆனால் துர்பா அதை ஏற்கவில்லை. 1966இல் இந்தியன் ஏர்லைன்ஸ் அவரை விமானியாகச் சேர்த்தது. ஃபாக்கர் ஃபிரண்ட்ஷிப் விமானத்தில் தலைமைப் பொறுப்பேற்று, பின்னர் போயிங் 737, ஏர்பஸ் 300 ஆகியவற்றையும் செலுத்தி, 18,500 மணிகளோடு 1988இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதா பாசினும் 1985இல் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்குப் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவாகப் பறந்தனர். நிவேதிதா 1990இல் 26ஆம் வயதில் ஜெட் விமானத்தின் தலைமை விமானியானார்.

இந்திய விமானப்படை பெண்களை விமானிகளாக ஏற்பதற்கு முன்னரே இவை நிகழ்ந்தன. இவர்களின் மணிகள் பறப்புக் கழகங்களிலும் அளவைப் பணியிலும் அரசு நிறுவனத்தின் பயிற்சியிலும் விளைந்தவை. இந்திய விமானிகளில் பெண்களின் பங்கு அண்மையாண்டுகளில் உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ மும்மடங்காக இருப்பது பலராலும் பேசப்படுகிறது. அதற்குக் காரணம் தேடுவோர் குடும்பத் துணையையும் பெண்கல்வியையும் குறிப்பிடுகின்றனர். படைத்துறை என்னும் ஒற்றை வாயிலை மட்டும் நம்பியிராத ஒரு துறையமைப்பும் அதில் பங்களித்திருக்கும் என்று கருத இடமுண்டு.

பயணியின் விருப்பம் நீதிமன்றத்தில்

பயணி எதை விரும்புகிறார் என்னும் வினா, விமானியைப் பற்றியதாக அன்றி, விமானப் பணியாளரைப் பற்றியதாகவே முதலில் நீதிமன்றத்தில் தெளிவாக எழுந்தது. செலியோ டியாஸ் என்னும் ஆண், பான் அமெரிக்கன் நிறுவனத்தில் விமானப் பணியாளர் வேலைக்கு 1967இல் விண்ணப்பித்து, ஆண் என்பதால் மறுக்கப்பட்டார். பெண்களே பயணியின் பதற்றத்தைத் தணிக்கவல்லவர்கள் என்று நிறுவனம் வாதிட்டது. உளமருத்துவர் எரிக் பெர்ன் அதற்குச் சாட்சியமளித்தார். பயணிகளுள் 79 விழுக்காட்டினர் பெண்களையே விரும்புவதாக ஒரு கருத்தாய்வும் காட்டப்பட்டது. 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. விமான நிறுவனத்தின் அடிப்படைப் பணி பயணிகளைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்ப்பது. இனிய சூழலைத் தருவது அதன் சாரமன்று. வாடிக்கையாளரின் விருப்பத்தைக் காட்டிப் பாலினப் பாகுபாட்டை நியாயப்படுத்த இயலாது என்று அது தீர்த்தது.

இத்தீர்ப்பு விமானி அறைக்கும் பொருந்தும் ஒரு வேறுபாட்டைத் துலக்குகிறது. ‘பயணி விரும்பவில்லை’ என்பது வேறு. ‘பயணிக்கு ஆபத்து’ என்பது வேறு. முதலாவது செல்லாது எனில் இரண்டாவதைச் சொல்ல வேண்டியதாகும். இரண்டாவதைச் சொன்னால் மெய்ப்பிக்க வேண்டியதாகும். ஆஸ்திரேலியாவில், வேறொரு சட்டத்தின்கீழ், அத்தகைய சூழலே உருவாயிற்று.

அன்செட் எதிர் வார்ட்லி

டெபோரா வார்ட்லி 1953இல் பிறந்தவர்; 16ஆம் வயதில் பறக்கக் கற்றவர்; பறப்புப் பயிற்றுநர். 1976இல் அன்செட் நிறுவனத்தின் பயிற்சி விமானிப் பணிக்கு விண்ணப்பித்தார். அவரோடு பறந்தவர்களும் அவரிடம் பயின்றவர்களும் சேர்க்கப்பட்டனர், அவர் சேர்க்கப்படவில்லை. 1978இல் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டு மீண்டும் நிராகரிக்கப்பட்டார். விக்டோரியா மாநிலத்தில் 1977ஆம் ஆண்டின் சமவாய்ப்புச் சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்கீழ் அவர் முறையிட்டார்.

நிறுவனத்தின் வாதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. பெண்ணுக்கு உடல்வலிமை போதாது, தொழிற்சங்கம் எதிர்க்கும், மகப்பேற்றால் பணி இடைவெளி ஏற்படும், பயிற்சிச் செலவு வீணாகும். அவர் எத்தனை குழந்தைகள் பெற எண்ணியுள்ளார் என்பதுகூட விசாரணைக்குரிய பொருளாயிற்று. ஒரு பணியாளர் இனி பெறக்கூடிய பிள்ளைகளைக் கொண்டு அவரது செலவைக் கணக்கிடும் முறை ஆண் விண்ணப்பதாரர் எவருக்கும் பயன்படுத்தப்படவில்லை. (இதே மகப்பேற்றுக் கணக்கு இந்தியாவிலும் வேறு வடிவில் இருந்தது. முதல் கருவுற்றதும் விமானப் பணிப்பெண்ணின் பணி முடிந்துவிடும் என்ற ஏர் இந்தியாவின் விதியை உச்சநீதிமன்றம் 1981இல் நர்கேஷ் மிர்சா வழக்கில் நீக்கியது. பணியில் சேர்ந்து நான்காண்டுக்குள் மணம்புரியத் தடை விதித்த விதியை அதே தீர்ப்பு ஏற்றது.)

வழக்கின் போக்கில் பெரிதும் பேசப்பட்டது மகளிர் அமைப்பு ஒன்றுக்கு நிறுவனம் எழுதிய கடிதம். பல்வேறு பணிகளில் பெண்களை அமர்த்தியிருப்பதாக அதில் நிறுவனம் பெருமையோடு கூறியது; பெண்கள் நல்ல விமானிகளாக இயலாது என்பது தன் கருத்தன்று என்றும் தெளிவுபடுத்தியது. ஆயினும் இருபாலரும் கலந்த விமானிக் குழுவைக் காட்டிலும் ஆண்கள் மட்டுமே கொண்ட குழு பாதுகாப்பானது என்று தான் கருதுவதாக முடித்தது. இதன் தருக்கம் வியப்பளிக்கிறது. தனித்தனியே நோக்கினால் பெண் விமானி திறமையானவர், ஆண் விமானியும் திறமையானவர். இருவரையும் அருகருகே அமர்த்தினால் ஆபத்து. அவ்வாறாயின் குறை எவரிடத்தில் உள்ளது என்னும் வினாவைக் கடிதம் எழுப்பிவிட்டு விடை கூறாது நின்றது. பாதுகாப்பு என்னும் சொல் இடம்பெற்றது. விபத்துக் கணக்கோ சோதனை முடிவோ உடன் இடம்பெறவில்லை.

1979 ஜூனில் சமவாய்ப்பு வாரியம் வார்ட்லிக்குச் சாதகமாகத் தீர்த்தது. அடுத்த பயிற்சிக் குழுவில் அவரைச் சேர்க்கவும் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. அன்செட் மேல்முறையீடு செய்தது. வழக்கு ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றத்தை அடைந்தபோது வாதத்தின் உருவமே மாறியிருந்தது. பெண்ணின் வலிமை, பயணியின் பாதுகாப்பு ஆகியன பின்னுக்குச் சென்று, கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் அமைந்த விமானிகள் பணி ஒப்பந்தம் பணியாளரை நீக்கும் உரிமையைத் தனக்குத் தருவதால் மாநிலச் சட்டம் செல்லாது என்னும் நுட்பமான அரசியலமைப்பு வாதம் முன்னுக்கு வந்தது. 1980 மார்ச்சில் நான்கு நீதிபதிகள் அவ்வாதத்தை நிராகரித்தனர், இருவர் ஏற்றனர். ஒப்பந்தம் பணியமர்த்தலையும் நீக்கத்தையும் ஒழுங்குசெய்வதே அன்றிப் பாகுபாடு காட்ட உரிமை தருவதன்று என்பது பெரும்பான்மையின் நிலைப்பாடு.

தீர்ப்பு வருமுன்னரே வார்ட்லி பறந்துவிட்டார். 1980 ஜனவரி 22 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்சிலிருந்து டார்வினுக்கு ஃபாக்கர் எஃப்-27 விமானத்தில் துணை விமானியாகப் பணியாற்றினார். அவர் எதிர்கொண்ட நிறுவனத்தை நிறுவிய ரெக் அன்செட்டின் கையிலிருந்து அதன் கட்டுப்பாடு 1979இன் இறுதியில் வேறு முதலாளிகளுக்குச் சென்றிருந்தது.

வழக்கு நடந்த மாதங்களில் பயணிகள் ஒருவகையில் தம் கருத்தைத் தெரிவிக்கவே செய்தனர். மகளிர் அமைப்புகளின் அழைப்பை ஏற்று, அன்செட் விமானங்களைத் தவிர்த்துப் பிற நிறுவனத்தில் பயணித்தனர். அவர்கள் பயணிகளில் ஒரு பகுதியினரே என்பதில் ஐயமில்லை. ஆயினும் நிறுவனம் அரைநூற்றாண்டாக எவர் பெயரால் பேசப்பட்டதோ அந்தப் பயணி, சீட்டுச்சாளரத்தில் நேரடியாகத் தோன்றியபோது, விமானி இருக்கையில் பெண் அமர்வதைக் கண்டு அஞ்சி விலகவில்லை. அமர விடாததைக் கண்டு விலகினார்.

மணிகளின் மீதான நம்பிக்கை

சட்டம் பாலினத்தை அகற்றிய பின் பொதுநம்பிக்கையின் முழுப்பாரமும் பறப்பு மணியின்மேல் விழுந்தது. அதன் வலுவும் வரம்பும் 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கு அருகே நிகழ்ந்த கோல்கன் ஏர் விபத்தில் வெளிப்பட்டன. விமானத்திலிருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் உயிரிழந்தனர். தலைமை விமானி ஆண். 3,379 மணிகள் பறந்தவர். துணை விமானி பெண். 2,244 மணிகள் பறந்தவர். வேகம் குறைந்து விமானம் தாங்குதிறனை இழக்கப்போவதாகக் கருவி எச்சரித்தபோது தலைமை விமானி செய்த பிழையான எதிர்வினையே காரணமென விசாரணை வாரியம் கண்டது. களைப்பு, குறைந்த ஊதியம், தொலைவிலிருந்து பணிக்கு வந்துசேரும் வழக்கம், விமானி அறையில் தேவையற்ற உரையாடல் ஆகியனவும் பேசப்பட்டன.

துணை விமானி பெண் என்பது பொதுவிவாதத்தில் முதன்மை பெறவில்லை. 1934ஆம் ஆண்டின் வணிகத் துறை அலுவலர்கள் இத்தகைய செய்தியை எவ்வாறு கையாண்டிருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று. விவாதம் அனுபவத்தைச் சுற்றியே சுழன்றது. இறந்தோரின் குடும்பத்தினர் விடாது வலியுறுத்தியதன் பயனாக 2010இல் அமெரிக்கச் சட்டமன்றம் ஒரு சட்டத்தை இயற்றியது. அதன்படி 2013 முதல் துணை விமானிக்கும் 1,500 மணிகள் தேவையாயின. அதற்கு முன்னர் 250 மணிகளோடு வணிக உரிமம் பெற்றவர் அவ்விருக்கையில் அமர முடிந்தது. விபத்துக்குள்ளான விமானத்தின் இருவருமே புதிய வரம்பைக் கடந்தவர்கள் என்பதைப் பலர் சுட்டிக்காட்டினர். இருப்பினும் பயணிக்குப் புரியும் எண்ணாக 1,500 நின்றது. களைப்பையும் பயிற்சியின் தரத்தையும் எண்ணாக எழுதிக் காட்டுவது எளிதன்று.

இம்மணிகளை ஈட்டும் செலவு பயிற்சியாளரின் தோளில் ஏறியது. வார்னரின் காலத்தைப் போலவே இன்றும் பலர் சிறு விமானங்களில் பிறருக்குக் கற்பித்தே மணி சேர்க்கின்றனர். விதியில் விலக்குகளும் உண்டு. நான்காண்டு விமானப் போக்குவரத்துப் பட்டம் பெற்றவருக்கு 1,000 மணிகள் போதும். படைத்துறையில் பயின்று வரும் விமானிக்கு 750.